பதினோரு நிமிடம் சாத்திக் கிடந்த கதவு

மேடையில் அமர்ந்திருக்கும் நம் போதகர் அவர்களே, நகரமன்றத்திலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெருமக்களே, சகோதரி இடெல்லாவின் மகள் ரொவீனா, மருமகன், பேரப்பிள்ளைகளே! நான்கு மாவட்டங்களிலிருந்து வெள்ளுடையும் வெள்ளைக் கையுறையுமாக வந்து சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் வாசல் ஊழியர்களே! உங்களுக்கும் இடம் போட்டிருக்கிறோம். உட்காரச் சொன்னால் கேட்க மாட்டீர்கள் என்று தெரியும். ஆனாலும் சொல்லிவிட்டேன், என் கடமை முடிந்தது. லாஷ்லி நகரத்து மக்களே! உங்கள் எல்லோருக்கும் கனத்த நெஞ்சோடு என் வணக்கம்.

போதகர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அவர் தமக்கே பத்து நிமிடம் கொடுத்துக்கொண்டதை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் பார்த்ததில்லை. ஆகவே கொஞ்சம் கூடப்போனால் பொறுத்துக்கொள்வார் என்று நம்புகிறேன்.

நான் லூஷியஸ் டார்ப்லி. முப்பத்தெட்டு வருடம் இந்த ஆலயத்துக்கு வருகிறவர்களை வரவேற்று உட்காரவைக்கும் வாசல் ஊழியர் குழுவில் சகோதரி இடெல்லா கேட்வுட்டின் கீழ் வேலை செய்தவன். என் பெயர் தெரியாதவர்களுக்குக்கூட என் பட்டம் தெரியும். "கதவைச் சாத்தின லூஷியஸ்." எந்தக் கடைக்குப் போனாலும், எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "டேய், லூஷியஸ் வர்றான், கதவைத் தொறந்தே வைங்கடா" என்று ஒருவன் சொல்லாமல் இருக்க மாட்டான். அந்தப் பட்டத்தின் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன். ஏனென்றால் அது என் கதையல்ல. அது சகோதரி இடெல்லாவின் கதை.

யார் இந்த இடெல்லா கேட்வுட்? செய்தித்தாளில் நான்கு வரி போட்டார்கள், பார்த்தேன். "புகையிலை ஆலையில் முன்னாள் தொழிலாளி, ஆலய ஊழியர், வயது எண்பத்தாறு." இவ்வளவுதானா? புகையிலைக் காம்பு கிள்ளும் மேசை முன்னால் முப்பத்தோரு வருடம் நின்றாரே, அதை எழுதினார்களா? வாரத்தில் ஆறு நாள் ஆலையில் நின்றுவிட்டு, ஏழாவது நாள் ஆலய வாசலில் மூன்று மணி நேரம் இடக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றாரே, அதை எழுதினார்களா? நிற்பது என்றால் என்ன என்று இந்த ஊருக்கே காட்டியவர் அவர்!

இங்கே இருக்கும் இளையவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். மெயின் தெருவில் இருக்கும் நகர நூலகத்துக்குள் கறுப்பினத்தவரான நம்மவர்கள் நுழைய முடியாத காலம் ஒன்று இருந்தது. அந்தக் கட்டடம் திறந்து நாற்பத்திரண்டு வருடம் அப்படித்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதில் நம் மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். கூட்டாட்சி நீதிபதி, "எல்லோருக்கும் திறந்துவிடு" என்று உத்தரவிட்டார். நகரமன்றம் என்ன செய்தது? முதலில் நூலகத்தையே இழுத்துப் பூட்டியது. நான்கு மாதம் கழித்துத் திறந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு நாற்காலி கிடையாது! ஒரு மேசை கிடையாது! வெள்ளைக்காரரும் நாமும் ஒரே மேசையில் உட்கார்ந்துவிடக் கூடாது அல்லவா, அதற்காக மொத்தத்தையும் லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். படிக்கிறவன் நின்றுகொண்டே படிக்கட்டும்! அதோடு ஒரு நிபந்தனை. நூறு நாள் சோதனை. அந்த நூறு நாளில் கறுப்பின மக்கள் ஒழுங்காக வந்து பயன்படுத்தினால் பார்க்கலாம். வராவிட்டால், அல்லது ஏதாவது கலாட்டா நடந்தால், நூலகம் நிரந்தரமாக மூடப்படும்.

அவர்கள் கணக்கு என்ன தெரியுமா? கால் வலித்தால் இவர்கள் தானாகவே போய்விடுவார்கள் என்பதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசல் ஊழியர் குழு ஆலயத்தின் கீழ்த்தளத்தில் கூடியது. பதினெட்டுப் பேர் இருந்தோம். எல்லோரும் கொதித்துக்கொண்டிருந்தோம். சகோதரி இடெல்லா மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சிஸ்டர் சிரிக்கிறீங்க? நாற்காலியத் தூக்கிட்டானுங்க!" என்றேன் நான்.

"யாருகிட்டேர்ந்து தூக்கினாங்க, அதச் சொல்லு லூஷியஸு. நம்மகிட்டேர்ந்து! இந்த ஊர்லயே நிக்கறத ஒரு ஊழியமா வச்சிருக்கற பதினெட்டுப் பேருகிட்ட வந்து, நிக்க வச்சுத் தொரத்திடலாம்னு பாக்கறாங்க. பாவம், விவரம் தெரியல."

அன்றே முறைப் பட்டியல் போட்டார். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை எந்த நேரமும் நான்கு பேர் நூலகத்தில் இருக்கவேண்டும். ஆலையில் இரவு வேலை பார்ப்பவர்கள் காலையில், பகல் வேலை பார்ப்பவர்கள் மாலையில். மற்ற சபையாரையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும். சுவரில் சாயக்கூடாது. தரையில் உட்காரக்கூடாது. உரக்கப் பேசக்கூடாது. முழங்காலை விறைப்பாக வைக்காமல், எடையை இரண்டு பாதத்திலும் சமமாக வைத்து, ஆலய வாசலில் எப்படி நிற்போமோ அப்படி. "சும்மா நிக்காதீங்க, படிங்க," என்றார். "படிக்கத்தானே கேட்டோம்!"

அவர் என்ன படித்தார் தெரியுமா? கடைசி அலமாரியில் தூசி படிந்து கிடந்த நகரச் சட்டத் தொகுப்பு! ஆலையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, ஐந்து மணிக்கு அந்தத் தடிப்புத்தகத்தைக் கையில் ஏந்தி நிற்பார். "ஏன் சிஸ்டர், ஒரு கதைப் புத்தகம் எடுத்தா என்ன?" என்று கேட்டால், "இதுவும் கதைதான் தம்பி. இவங்க கற்பனைக்கு அளவே இல்ல," என்பார்.

பத்து நாள் நின்றோம். இருபது நாள் நின்றோம். ஐம்பது நாள் நின்றோம்! வெள்ளைக்காரர்களில் சிலர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். சிலர் எங்களைப் போலவே நின்று படித்தார்கள். கால் மாற்றிக் கால் மாற்றி நின்று நெளிந்தார்கள். பழக்கமில்லை, பாவம். ஒரு சண்டை இல்லை. ஒரு கூச்சல் இல்லை. நூறு நாளையும் தாண்டிவிடுவோம் என்று எல்லோருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

எழுபத்தோராம் நாள் நான் கெடுத்தேன்.

நம் சபைப் பெரியவர்களில் ஒருவரான மறைந்த டீக்கன் ஹோரஸ் பெட்டிஃபோர்டை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அப்போது அவருக்கு எழுபத்தொன்பது வயது. வாழ்நாள் முழுக்கக் கோவேறு கழுதை ஓட்டி வயல் உழுதவர். அன்றுதான் அவர் பெயரில் நூலக அட்டை கிடைத்தது. நேராக நூலகர் அம்மாவிடம் போய், "கழுதையப் பத்தி ஏதாவது புத்தகம் இருக்கா அம்மா?" என்று கேட்டார். இருந்தது! படத்தோடு இருந்தது! வாங்கிக்கொண்டு கூடத்தின் நடுவில் வந்து நின்றார். முதல் பக்கத்தைத் திறந்தார். அவருடைய கழுதை பெஸ்ஸியைப் போலவே ஒரு கழுதை அதில் நின்றது. பெரியவர் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. தொப்பியைக் கழற்றினார். தலையைக் குனிந்தார். அப்புறம் ஆலயத்தில் பேசும் அதே குரலில் ஆரம்பித்தார்: "அன்பின் பரலோகப் பிதாவே..."

வாசல் ஊழியர்களே, உங்களைக் கேட்கிறேன். ஜெபம் தொடங்கினால் நாம் என்ன செய்வோம்? யோசிப்போமா? யோசிக்க மாட்டோம்! கதவைச் சாத்துவோம். ஜெபம் முடியும்வரை ஒரு ஈ காக்கையை உள்ளே விடமாட்டோம். நான் ஐந்து வயதிலிருந்து பார்த்த பழக்கம் அது. கால் தானாகப் போனது, கை தானாகக் கதவைச் சாத்தியது. வாசலுக்கு முதுகைக் காட்டாமல், முறைப்படி, வெளியே பார்த்து நின்றேன்.

கதவில் கண்ணாடி உண்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் படியேறி வந்தார். நான் வலது உள்ளங்கையை உயர்த்தி, மரியாதையாக, மெதுவாகச் சொன்னேன்: "ஜெபம் நடக்குதுங்க ஐயா. கொஞ்சம் பொறுங்க."

சொன்ன பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். நகரமன்ற உறுப்பினர் வெண்டல் கிராஃப்டன்! நூலகத்திலிருந்து நாற்காலிகளை எடுக்கச் சொன்னவரே அவர்தான். சோதனை எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்திருந்தார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திறந்தால் ஜெபம் கலையும். திறக்காவிட்டால் எங்கள் எழுபத்தோரு நாளும் போகும். நான் திறந்திருக்க வேண்டும் என்று இப்போது எளிதாகச் சொல்லலாம். அன்று என்னால் கையை அசைக்க முடியவில்லை. அவர் கண்ணாடி வழியாக என்னை முறைக்கிறார். நான் அவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பின்னாலே டீக்கன் கழுதையில் தொடங்கி, நோவாவின் பேழைக்குப் போய், சபையில் நோயாய்ப் படுத்திருந்த ஒவ்வொருவரையும் பேர் சொல்லி, ஆப்பிரிக்காவில் இருக்கும் ஊழியக்காரர்களைத் தொட்டு, ஜனாதிபதியையும் அவர் வீட்டாரையும் ஆசீர்வதித்து... பதினோரு நிமிடம்! பதினோரு நிமிடம் அந்தக் கதவு சாத்திக் கிடந்தது!

மறுநாள் செய்தித்தாளில் முதல் பக்கம்: "நகரமன்ற உறுப்பினரை நூலகத்துக்குள் விட மறுத்த கறுப்பர்கள்." வியாழக்கிழமை நகரமன்றக் கூட்டம். சோதனையை முடித்துக்கொண்டு நூலகத்தை மூட கிராஃப்டன் தீர்மானம் கொண்டுவரப் போகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு.

நான் சகோதரி இடெல்லாவின் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று அழுதேன், சொல்ல வெட்கமில்லை. "நானே போய், தப்பு என்னுதுன்னு சொல்லிடறேன் சிஸ்டர். என்னை ஜெயில்ல போடட்டும். நூலகத்த விட்டுருவாங்க."

"ஒன்னைப் போட்டுட்டு நூலகத்தையும் மூடுவாங்கடா பைத்தியக்காரா. ஜெபத்துக்குக் கதவச் சாத்தச் சொல்லிக் குடுத்தது யாரு?"

"நீங்கதான்."

"அப்ப யாரு போகணும்? போ, மொகத்தக் கழுவிட்டு வா. ரொவீனா, அண்ணனுக்கு ரெண்டு பிஸ்கட் ரொட்டியும் தொட்டுக்கப் பாகும் குடு. வயித்துல ஒண்ணுமில்லாம அழுதா தலை சுத்தும்."

வியாழக்கிழமை மாலை நகரமன்றத்தின் மேல் தளம் நம்மவர்களால் நிரம்பி வழிந்தது. நாம் மேலேதான் இருக்கவேண்டும், அது அன்றைய முறை. கிராஃப்டன் எழுந்தார். முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. "என் தாத்தா அடிக்கல் நாட்டின கட்டடம்! நான் இந்த ஊர்க் குடிமகன்! என்னை வாசல்ல நிறுத்தி வச்சாங்க! பதினோரு நிமிஷம்! போறவன் வர்றவனெல்லாம் பாத்துட்டுப் போறான்! இந்த மாதிரி அவமானம் என் ஜென்மத்துல பட்டதில்ல!"

"இதற்குப் பதில் சொல்ல யாராவது வந்திருக்கிறீர்களா?" என்று தலைவர் கேட்டார். அது வெறும் சம்பிரதாயம். யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தார்.

சகோதரி இடெல்லா மேல்தளத்திலிருந்து இறங்கி வந்தார். வெள்ளுடை, வெள்ளைக் கையுறை, நெஞ்சில் குழுத் தலைவியின் பட்டை. மன்றத்தின் நடுவில் நின்றார். இப்போதும் என் காதில் கேட்கிறது, மக்களே.

"ஐயா, என் பேரு இடெல்லா கேட்வுட். அந்தக் கதவச் சாத்தினவனுக்கு அந்தப் பழக்கத்தக் கத்துக் குடுத்தவ நான். எங்க கோயில்ல ஜெபம் நடந்தா நாட்டோட ஜனாதிபதியே வந்தாலும் வெளியதான் நிக்கணும். ஆனா நூலகம் எங்க கோயில் இல்ல. அது ஊர்ச் சொத்து. அங்க கதவச் சாத்தினது தப்பு. பெரிய தப்பு. பொதுக் கட்டடத்து வாசல்ல, உள்ள போக உரிமை இருக்கற ஒரு மனுஷன, நாலு பேரு பாக்க வெளிய நிறுத்தி வைக்கறது எவ்வளவு பெரிய அவமானம்னு எங்களுக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க ஐயா. எங்களுக்குத் தெரியும். ஒங்களுக்கு நடந்த அந்தப் பதினோரு நிமிஷத்துக்கு, நான் மனசார மன்னிப்புக் கேக்கறேன்."

மன்றத்தில் ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்பத்திரண்டு வருடத்துக்கு எங்களிடம் யாராவது மன்னிப்புக் கேட்டார்களா? கேட்கவில்லை! பதினோரு நிமிடத்துக்கு அவர் கேட்டார்!

"இனி யாருக்கும் இப்படி நடக்கக் கூடாது," என்றார்.

"நடக்கவே கூடாது!" என்று கிராஃப்டன் மேசையைத் தட்டினார். "அதத் தீர்மானமாவே எழுதுங்க! எந்தக் குடிமகனையும், எவனும், எந்தக் காரணத்துக்காகவும் வாசல்ல நிறுத்தக் கூடாதுன்னு எழுதுங்க!"

"நல்லதுங்க ஐயா. ஆனா ஒரு சந்தேகம்," என்றார் சகோதரி இடெல்லா. "எந்தெந்த எடம்னு பேர் போடலேன்னா தீர்மானம் செல்லாதுன்னு ஒங்க சட்டத் தொகுப்புல போட்டிருக்கு. நூலகத்துக்கு மட்டுமா, நகரத்துக்குச் சொந்தமான எல்லா எடத்துக்குமா?"

"எல்லா எடத்துக்கும்தான்! இன்னைக்கு நூலகத்த மறிப்பீங்க, நாளைக்குப் பூங்காவ மறிப்பீங்க, அப்புறம் பஸ் நிலையத்த மறிப்பீங்க! எல்லாத்தையும் எழுதுய்யா!"

எழுத்தர் எழுதினார். ஏழு கைகள் உயர்ந்தன. எதிர்ப்பு இல்லை. கோபத்தில் நூலகத்தை மூடும் தீர்மானத்தை மறந்தேபோனார்கள்! எழுத்தர் உரக்கப் படித்தார்: நகரத்துக்குச் சொந்தமான நூலகம், பூங்கா, பஸ் நிலையம், நீச்சல்குளம், அரங்கம் ஆகிய எந்தப் பொது இடத்தின் வாசலிலும், எந்தக் குடிமகனையும், எவரும், எக்காரணம் கொண்டும் வெளியே நிறுத்தலாகாது. பாதி படிக்கும்போதே எழுத்தரின் குரல் தேய்ந்துபோனது. மேல்தளத்தில் நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தோம். எவனோ ஒருவன் சிரிக்க வாயெடுத்தான். சகோதரி இடெல்லா திரும்பிப் பார்க்காமலே கையுறை போட்ட ஒரு கையை லேசாக உயர்த்தினார். இருநூறு பேர் வரிசை வரிசையாக, செருப்புச் சத்தம் கேட்காமல் வெளியே போனோம். தெருமுனை திரும்பிய பிறகுதான் சிரித்தோம். டீக்கன் பெட்டிஃபோர்ட் தெருவிலேயே ஆடினார்.

அப்புறம் ஒருநாள் நான் தனியாகக் கேட்டேன். "சிஸ்டர், மன்னிப்புக் கேட்டது நடிப்புதானே?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நடிப்பா? அந்த ஆளு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னப்போ மொகம் எப்படி இருந்துச்சுன்னு நீதானே சொன்னே? அந்த மொகத்த நான் கண்ணாடியில எத்தன தடவ பாத்திருக்கேன் தெரியுமா? மன்னிப்பும் நெசம். கேள்வியும் நெசம்."

இதைக் கேட்டு, வெள்ளைக்காரர்களின் மனம் அன்றே உருகிவிட்டது என்று யாரும் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டாம். அப்படி இனிக்க இனிக்கச் சொல்வது சகோதரி இடெல்லாவுக்குப் பிடிக்காது. கிராஃப்டன் சாகும்வரை அவருக்கு ஒரு வணக்கம் சொன்னதில்லை. அடுத்த மாதமே தீர்மானத்தைத் திரும்பப் பெறப் பார்த்தார்கள். நம் வழக்கறிஞர் அதற்குள் அதை நீதிபதி முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார். நூறாம் நாள் முடிந்தது, நாற்காலிகள் திரும்பின. பூங்கா திறந்தது. பஸ் நிலையத்தில் நடுவே இருந்த தடுப்பை உடைத்தார்கள். நீச்சல்குளத்தை மட்டும் நமக்குத் திறக்க மனம் வராமல் மண்ணைக் கொட்டி மூடினார்கள். இன்றும் அங்கே புல்தான் இருக்கிறது. பள்ளிக்கூடம் அந்தத் தீர்மானத்துக்குள் வரவில்லை. அதற்கு இன்னும் மூன்று வருடம் போராடினோம். வெள்ளையர் உயர்நிலைப் பள்ளிக்குள் முதலில் போன ஐந்து பிள்ளைகளில் ஒருத்தி, இதோ இங்கே அமர்ந்திருக்கும் ரொவீனா. முதல் வாரம் அவள் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. "ரெண்டு பேர் எடம் ஒனக்கே கெடச்சிருக்கு, புத்தகத்த நல்லாப் பரப்பி வச்சுப் படி," என்றாராம் தாய். இன்று அதே பள்ளியில் ரொவீனா கணக்கு ஆசிரியை! எல்லா நிறத்துப் பிள்ளைகளும் அவளிடம்தான் உதை வாங்குகிறார்கள்!

மக்களே, இந்தச் சாதனை எல்லாம் முடிந்துபோன கதை என்று நினைத்தால், அவரை நாம் இன்று புதைத்ததோடு சரி. முடிந்துவிட்டதா? பள்ளி வாரியம் புதிய எல்லை ஒன்று வரைந்திருக்கிறது, தெரியுமா உங்களுக்கு? ரயில் பாதைக்குக் கிழக்கே இருக்கும் பிள்ளைகள் ஒரு பள்ளிக்கு, மேற்கே இருக்கும் பிள்ளைகள் இன்னொரு பள்ளிக்கு. அந்தத் தாளில் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ரயில் பாதையைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் பாதைக்கு எந்தப் பக்கம் யார் குடியிருக்கிறோம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வரைந்தவர்களுக்கும் தெரியும்.

அதைப் பற்றிய வாரியக் கூட்டம் வரும் செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு. பேச விரும்புகிறவர்கள் முன்கூட்டியே பெயர் கொடுக்கவேண்டும். மூன்று வாரத்துக்கு முன்னால், எண்பத்தாறு வயதில், மூச்சு வாங்க வாங்கப் படியேறிப் போய் சகோதரி இடெல்லா பெயர் கொடுத்திருக்கிறார். எங்கள் யாருக்கும் சொல்லவில்லை! பட்டியலில் அவர் நான்காவது.

நேற்று நான் பள்ளி வாரிய அலுவலகத்துக்குப் போனேன். காலமாகிவிட்டார், பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். அங்கே இருந்த பெண் சின்ன வயது, வெள்ளைக்காரப் பெண். அவள் கண் கலங்கிவிட்டது. "சாரி சார். பதிவான பேர அடிக்க எனக்கு அதிகாரம் இல்ல. மூணு தடவ கூப்பிடுவோம். யாரும் வரலேன்னா அடுத்த பேர்."

"அவங்க எடத்துல வேற ஒருத்தர் வந்து பேசலாமா அம்மா?"

"அவங்க சார்பா வந்தேன்னு சொன்னா பேசலாம் சார். எத்தன பேர் வரலாம்னு விதியில ஒண்ணும் போடல."

கேட்டீர்களா? விதியில் ஒன்றும் போடவில்லை!

நான் இன்று உங்கள் முன்னால் சபதம் செய்கிறேன். செவ்வாய்க்கிழமை ஐந்தரை மணிக்கே நான் அங்கே இருப்பேன். வாசல் ஊழியர்கள் அத்தனை பேரும் இருப்போம். ரொவீனா இருப்பாள். பாதைக்குக் கிழக்கே இருக்கிற தாய்மாரே, மேற்கே இருக்கிற தாய்மாரே, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நீங்களும் வாருங்கள். இங்கே வந்திருக்கும் வெள்ளையின நண்பர்களே, நீங்களும் வாருங்கள். நான்காவது பெயரை மேடையிலிருந்து வாசிப்பார்கள். "இடெல்லா கேட்வுட்" என்று ஒருமுறை கூப்பிடுவார்கள்.

இரண்டாம் முறை கூப்பிட விடக்கூடாது.